விலங்கா, வேலியா?

தம்பி,

ஆய்வுக்கூடத்துக்கு விதிமுறைகளா, அறிவுக்கு விலங்கா என வெகுளும் பேராசிரியர்கள் உளர். 1971-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததை எண்ணிப் பார்! உளவியல் துறைக் கட்டடத்தின் நிலவறையிலே போலிச் சிறை. நாளொன்றுக்கு 15 டாலர் கூலி. மாணவரிற் சிலர் காவலர், சிலர் கைதிகள். நாடகமெனத் தொடங்கியது நரகமாயிற்று! மனங்குலைந்த கைதிகள் சிலர் இடையிலேயே விடுவிக்கப்பட்டனர். இரு வாரத் திட்டம் 6 நாளில் முடிந்தது.

ஆய்வாளர் பலர் பகிரும் கூடத்திலே ஒருவர் வந்தவனைப் புண்படுத்தினால், அடுத்தவர் அழைப்பை எவர் நம்புவார்? ஆகவே, வருவோனிடம் உண்மை உரைத்து இசைவு பெறுக. விலக விரும்பின் வழிவிடுக. அவன் பெயரை வெளிவிடாது காத்திடுக. இவை அறிவுக்கு விலங்கல்ல தம்பி, வேலி! கூலி கொடுத்தோம் என்பதாலே மனிதனின் உள்ளம் எவர்க்கும் உடைமையாகிவிடாது.