அல்வாவுக்கு அப்பால்

திருநெல்வேலிக்குப் போய் வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நெல்லையப்பர் கோயிலை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, எதிரே இருட்டுக்கடையில் வரிசையில் நின்று அல்வா வாங்கிய பிரதாபத்தை அரைமணி நேரம் சொல்வார். அல்வாவோடு எனக்கு விரோதமில்லை. தாமிரபரணித் தண்ணீரின் ருசி என்று சொல்லிக்கொண்டே கால் கிலோவைத் தீர்த்தவன்தான் நானும். ஆனால் அந்தத் தண்ணீர் செய்த பெரிய காரியம் வேறு.

கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்கரான தாலமியும் எழுதிவைத்த ஊர். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் சில மைல் கிழக்கே விலகிப் போயிற்று. 1968-69-இல் அங்கே தோண்டியபோது அகப்பட்ட கரியின் காலம் ஏறக்குறைய கி.மு. 785 என்று கணித்தார்கள். 2021-இல் அரசாங்கம் மறுபடியும் தோண்டியது.

"அங்கே பார்க்க என்ன ஐயா இருக்கிறது? ஒரு நல்ல காப்பி கிடைக்குமா?" என்கிறார் நண்பர்.

காப்பிதான் வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்கலாமே! பருவத்தில் போனால் அந்தப் பனங்காட்டுச் சீமையில் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார்கள். குடித்துவிட்டு, கொற்கையின் கிழட்டு வன்னி மரத்தடியில் சற்று நில்லுங்கள். சுற்றிலும் வயல், வாழை, குளம். கப்பல் வந்த ஊரில் கடல் இல்லை. பார்க்க வேண்டியது அதுதான்.

ஊர் சுற்றிப் பார்க்க வழிகாட்டி எழுதுகிறவர்கள் அல்வாவுக்கு ஒதுக்கும் பக்கத்தில் பாதியையாவது கொற்கைக்குத் தரட்டும். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏரலுக்குப் பஸ் ஏறுங்கள். அல்வா ஒரு நாளில் கெட்டுவிடாது.