மின்தடையும் வண்டிக்கு வண்டி மின்னேற்றமும்

மின்தடையின்போது ஒரு மின்காரிலிருந்து இன்னொரு மின்வண்டிக்கு மின்னேற்றுவது வீண்வேலை என்றும், இருக்கும் மின்சாரத்தை இடம்மாற்றி வழியில் இழப்பதே அதில் மிஞ்சுகிறது என்றும் வாதிடுவோர், தடைநேரத்தின் தேவையைக் கணக்கில் கொள்வதே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் லோயர் கேம்ப் நீர்மின் நிலையமும், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளும் இருந்தும், ஆடிக்காற்றில் தென்னைமட்டை விழுந்து கம்பி அறுந்தால் தெரு இருண்டுவிடுகிறது. உற்பத்தி அருகிலிருப்பது அப்போது உதவுவதில்லை.

2023இல் புதுப்பித்து வெளியான டாடா நெக்சான் மின்கார், பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி, 3.3 கிலோவோல்ட்-ஆம்பியர் வரை வெளிக்கருவிகளுக்குத் தருகிறது. பெறும் வண்டியின் சார்ஜர் அதை மீண்டும் நேர்மின்னோட்டமாக்குவதால், இருமுறை மாற்றத்தில் ஒரு பகுதி வெப்பமாகக் கழிவது உண்மையே. ஆயினும் 40.5 கிலோவாட்-மணி கொள்ளும் அதன் பேட்டரியிலிருந்து 3 கிலோவாட்-மணி ஸ்கூட்டர் ஒன்றை நிரப்ப, இழப்பையும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது. விடியுமுன் திராட்சைத் தோட்டத்துக்குப் போயாக வேண்டியவருக்கு அவ்விழப்பு ஒரு பொருட்டல்ல.

எச்சரிக்கைக்கு உரிய இடம் வேறு. காரின் மின்சாரத்தை வீட்டு பிளக்கில் பின்னோக்கிச் செலுத்தினால், அறுந்த கம்பியைச் சரிசெய்ய மின்கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரியப் பணியாளரின் உயிருக்கே அது ஆபத்தாகும். இதைப் பற்றி எதிர்ப்போர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.