கார் என்ஜின் வேண்டாம்ப்பா, களை எடுக்குற என்ஜினே போதும்

எங்க அண்ணன் பையன் புதுப்பேட்டையில ஒரு பழைய மாருதி 800 என்ஜினை வாங்கி, மினி லாரியில போட்டுக்கிட்டு வந்து எங்க மாட்டுக் கொட்டாய் வாசல்ல இறக்கினான். "சித்தப்பா, இதை வச்சு போட் மோட்டார் செய்யப் போறேன்"னான். பாலாறே பாதி வருஷம் மணலா கிடக்குற காஞ்சிபுரத்துல போட்டுக்கு என்னடா வேலைன்னு ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

2015 டிசம்பர் ஞாபகம் இருக்கவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. எங்க ஏரி நிரம்பி, கலங்கல்ல போற தண்ணி ரோட்டு மேல ஏறி, ரெண்டு நாள் இடுப்பளவு நின்னுச்சு. கிழக்குத் தெரு பெரியம்மா ஒருத்தங்களுக்கு ராத்திரி மூச்சுத் திணறல். ரெண்டு லாரி டியூபைக் கட்டி, அது மேல கயித்துக் கட்டிலைப் போட்டு, அவங்களைப் படுக்க வச்சு தள்ளிக்கிட்டே போனோம். முக்கால் கிலோமீட்டர்தான். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. வழியில கருவேல முள்ளு குத்தி ஒரு டியூப் காத்துப் போச்சு. பெரியம்மா பிழைச்சாங்க, அது அவங்க ஆயுசு கெட்டி. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினப்போ மறுபடி அதே டியூபைத்தான் தேடினோம்.

டவுன்லயும் கதை வேற இல்ல. பிள்ளையார்பாளையம் பக்கம் குழித்தறி வச்சிருக்கவங்களைக் கேளுங்க. அடைமழை வந்தா குழியில தண்ணி ஊறிடும், பாவு நனைஞ்சுடுமோன்னு ராத்திரி தூக்கம் வராது. ஆனா அவங்களுக்கு ஆள் வந்து பார்க்குற தூரம். ஏரிக்கரை ஊருக்குத்தான் ஆள் வர்றதே மூணாம் நாள்.

2015ல சென்னையில மீனவர்கள் போட்டைக் கொண்டு வந்துதான் நிறைய பேரைக் காப்பாத்தினாங்க. 2018ல கேரளாவுலயும் அப்படித்தான், கடற்கரையில இருந்து லாரியில போட்டை ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்தாங்க. அந்த ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா லாரி வர ரோடு வேணுமே. எங்க ஊருக்கு வெள்ளத்துல முதல்ல போறதே ரோடுதான். அதனால போட்டும் மோட்டாரும் ஊர்லயே இருக்கணும்னு பையன் சொன்னது நியாயம். என் சண்டை அந்தக் கார் என்ஜினோடதான்.

அவன் செய்ய நினைச்சது நீள வால் மோட்டார். லாங் டெயில்னு சொல்றாங்க. என்ஜின் போட்டுக்குள்ள ஒரு முளை மேல உட்காந்திருக்கும். அதுல இருந்து ஒரு நீளக் குழாய் பின்பக்கம் சாய்வா தண்ணிக்குப் போகும். குழாய்க்குள்ள ஷாஃப்ட், நுனியில விசிறி. கைப்பிடியை அழுத்தினா விசிறி தண்ணிக்கு மேல வந்துடும். இடது வலது தள்ளினா போட் திரும்பும். சாதாரண அவுட்போர்டு மோட்டார் செங்குத்தா கீழ இறங்கும், முழங்கால் தண்ணியில தரையில இடிச்சு ஒடையும். வாலு அப்படி இல்ல, ஒரு முழம் தண்ணி இருந்தா போதும், வரப்பு வந்தா தூக்கிக்கலாம். நம்ம கிழக்குக் கரையில ஃபைபர் போட்டுல டீசல் என்ஜினுக்கு இப்படித்தான் வால் வச்சிருக்காங்க. மணல்ல ஏத்தும்போது விசிறி அடிபடாம இருக்கத்தான். தாய்லாந்துல பாங்காக் ஆத்துல இதே வாலுக்கு கார் என்ஜின், லாரி என்ஜின் எல்லாம் மாட்டி ஓட்டுறாங்க. பையன் அந்த வீடியோவைப் பார்த்துட்டான், அதுதான் வினை.

பாங்காக்ல ஓடுறது நீளமான ஒல்லிப் போட்டு, ஆழமான ஆறு. நம்மகிட்ட இருக்கிறது ஏரியில மீன் குத்தகை எடுத்தவர் குடுத்த தட்டையான பழைய போட்டு. அதுல 800 சிசி என்ஜினை ஏத்தினதும் பின்பக்கம் அமுங்கி, விளிம்புக்கும் தண்ணிக்கும் நாலு விரல்தான் இடைவெளி. அப்புறம் ரேடியேட்டர். காருக்கு ஓடும்போது எதிர்க்காத்து அடிக்கும், இங்க ஏது? சரி, ஏரித் தண்ணியையே பம்ப் பண்ணி உள்ள விடலாம்னு பார்த்தான். பத்து நிமிஷத்துல சேறும் பாசியும் அடைச்சு, என்ஜின் கொதிச்சு நின்னுச்சு. வாலைத் தூக்குறப்போ என்ஜினும் சேர்ந்து சாயும், சாயும்போது சம்ப்ல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிடும். இதுக்கெல்லாம் வழி இருக்கு, இல்லன்னு சொல்லல. தாய்லாந்துக்காரங்க கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. ஆனா வெள்ள ராத்திரியில, மழையில, டார்ச் வெளிச்சத்துல, பேட்டரி இல்லாம அந்த என்ஜினை யார் ஸ்டார்ட் பண்றது?

அதைவிட முக்கியம், அவ்வளவு பலம் எதுக்கு? மாருதி என்ஜின் கிட்டத்தட்ட 37 குதிரை. ஆறு பேர் ஏறின தட்டைப் போட்டு, என்ன பலம் குடுத்தாலும் ஒரு அளவுக்கு மேல மூக்கைத் தூக்கிக்கிட்டு அலையைத்தான் கிளப்பும். தெருவுக்குள்ள அந்த அலை போனா, ஊறிப்போன மண்சுவரு நிக்குமா? அஞ்சாறு குதிரை தாராளம்.

அந்த அஞ்சாறு குதிரை நம்ம வீட்லயே இருக்கு. பவர் வீடர். எங்க தெருவுல மட்டும் மூணு பேர்கிட்ட இருக்கு. பெட்ரோல் என்ஜின், காத்துலயே குளிரும், ரேடியேட்டர் கிடையாது, கயிறு இழுத்தா ஓடும், ஒரு ஆள் தூக்கிடலாம். பெல்ட்ல ஓடுற மாடலா இருந்தா நாலு போல்ட் கழட்டினா என்ஜின் தனியா வந்துடும். ஐப்பசி கார்த்திகையில வயல் தண்ணியில கிடக்கும்போது அதுக்கு வேலையும் இல்ல. போட்டுக்குத் தேவைப்படுற அதே மாசம் அது சும்மா கிடக்கு.

இது என் மூளைன்னு பெருமை அடிக்கல. வியட்நாம்ல மீகாங் கழிமுகத்து விவசாயிங்க 1960கள்லயே இதைத் தலைகீழா செஞ்சிருக்காங்க. படகுக்கு மாட்டின சின்ன என்ஜின் வாலை அவங்க இறால் வால்னு சொல்றாங்க. அந்த விசிறியை ஒரு குழாய்க்குள்ள விட்டு, வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்ப்பா மாத்திட்டாங்க. கம்பெனி எதுவும் வந்து சொல்லிக் குடுக்கல. ஒரே என்ஜின், காலையில வயலுக்கு, சாயங்காலம் படகுக்கு. நாம ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெஷின் வாங்கிக் கொட்டாயில அடுக்குறோம்.

கடைசியில பையன் கோவிச்சுக்கிட்டே வீடர் என்ஜினை மாட்டினான். ஏழடி குழாய், நடுவுல ஒரு புஷ், நுனியில ஒரு புஷ், கிரீஸ் அடிக்க நிப்பிள், லேத்துல ஒரு நாள் வேலை. விசிறி காசிமேட்டுல வாங்கினது. முதல்ல வாங்கின விசிறி மாத்துத் திசை, போட்டு பின்னால போச்சு, ஏரிக்கரையில நின்ன பசங்க விசில் அடிச்சாங்க. மாத்தி வாங்கினோம். அலமேலுன்னு பேர் வைக்கணும்னு எங்க வீட்டம்மா சொல்றாங்க, அது அவங்க அம்மா பேரு, நான் வாயைத் திறக்கல.

இப்போ என் பயம் வேற. பின்னால சுத்துற விசிறி கத்தி மாதிரி. வேட்டி, புடவை முந்தானை, தலைமுடி எது மாட்டினாலும் விடாது. விசிறிக்குக் கம்பிக் கூண்டு போட்டோம். ஓட்டுறவன் கையில ஒரு கயிறு, அவன் தண்ணியில விழுந்தா கயிறு இழுபட்டு என்ஜின் நிக்கும். இது ரெண்டும் இல்லாம யாரும் செய்யாதீங்க. லைஃப் ஜாக்கெட் பத்தி நான் தனியா சொல்லணுமா?

இன்னொண்ணு, இது பசங்க ஏரியில ரவுண்டு அடிக்கிற சாமான் ஆயிடக் கூடாது. என்ஜின் வச்ச படகுன்னா பதிவு, சோதனை எல்லாம் வேணும். 1917 சட்டத்தை எடுத்துட்டு 2021ல உள்நாட்டுக் கலங்கள் சட்டம்னு புதுசு போட்டிருக்காங்க. தனி ஆள் பேர்ல வச்சா நாளைக்கு ஒண்ணு ஆனா அவன் தலைதான் உருளும். படகும் வாலும் ஊராட்சி பேர்ல இருக்கட்டும், என்ஜின் வீடர் வச்சிருக்கவங்க வீட்ல இருக்கட்டும். மழைக்கு முன்னாடி ஒரு தடவை மாட்டி ஓட்டிப் பார்த்துடணும். என்ஜின் குடுக்கிறவங்களுக்குத் தேய்மானத்துக்குப் பணம் குடுக்கணும், சும்மா கேட்டா அடுத்த வருஷம் குடுக்க மாட்டாங்க, நானே குடுக்க மாட்டேன்.

அக்டோபர் 2 கிராம சபையில இதைக் கேட்கப் போறேன். வீடர் வச்சிருக்க மூணு பேர்ல ரெண்டு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. மூணாவது ஆள் என் மேல வரப்புத் தகராறுல இருக்கார், அவர்கிட்ட பையனை அனுப்பியிருக்கேன். மாருதி என்ஜின் இன்னும் கொட்டாய் வாசல்லதான் கிடக்கு, கோழி அதுல முட்டை வைக்குது. யாருக்காவது வேணும்னா வந்து பார்க்கலாம், வாங்கின விலைக்கே குடுத்துடுறேன்னு சொல்றான்.