ஆயா, டீச்சர்: நடுவில் ஒரு சான்றிதழ்

விடிந்தும் விடியாத நேரத்தில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பஸ் நிறுத்தங்களில் வந்து இறங்குகிற பெண்கள் யாரென்று தோழர்களுக்குத் தெரியும். பலரும் இந்த வட்டாரத்துக்காரர்கள்தான். பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்தவர்கள். 'ஆக்கிரமிப்பு' என்று பேர் வைத்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கி எறியப்பட்டவர்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். சனங்களின் வீடுதான் நகரத்துக்கு வேண்டாம். அவர்களின் வேலை வேண்டும். மேட்டுக்குடிப் பிள்ளைக்குச் சோறூட்டவும் குண்டி கழுவவும் கை வேண்டுமே!

அந்தக் கை செய்கிற வேலைக்குக் கல்லூரியில் பாடம் இருக்கிறது. குழந்தை வளர்ச்சி, மனையியல், சமூகப்பணி என்று பல பெயர்கள். கடற்கரையில் 1914ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியில் மனையியல், கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸில் சமூகப்பணி, எழும்பூரில் 1952ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் என்று வரிசையாகச் சொல்லலாம். குழந்தைக்கு எப்போது கழுத்து நிற்கும், எப்போது தவழும், எப்போது ரெண்டு சொல் சேர்த்துப் பேசும், பயந்து அழுகிற பிள்ளையை எப்படித் தேற்றுவது என்பதெல்லாம் பாடம், பரீட்சை, மார்க். நல்ல பாடம்தான். என் கேள்வி அதைப் பற்றியதில்லை. ஒரே வேலை ஒருத்திக்குப் பட்டமாகவும் இன்னொருத்திக்குக் கூலியாகவும் எப்படி ஆனது என்பதுதான் கேள்வி.

எங்க அம்மா தி.நகரில் ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தாங்க. மூன்றாவது பிள்ளைக்குக் காதில் கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். "ஒரு வயசாச்சு, பின்னாலேர்ந்து கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது, டாக்டராண்ட காட்டும்மா" என்று சொல்லியிருக்காங்க. டாக்டரும் அதையேதான் சொன்னாராம். ஆனால் கேட்டுப் பாருங்க, "எனக்கு இன்னா தெரியும்? கொயந்த வளக்கத் தெரியும், அவ்ளோதான்" என்பாங்க. இந்த 'அவ்ளோதான்' என்பதை அம்மா வாயில் வைத்தது யார்? அந்த வீட்டில் அம்மாவுக்குத் தனி டம்ளர். பிள்ளையைத் தொடலாம், டம்ளரைத் தொடக் கூடாது. சாதி எவ்வளவு கணக்காக வேலை பார்க்கிறது பாருங்கள்.

இந்தப் படிப்பின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இன்னொரு விஷயம் வெளியே வருகிறது. கர்னல் ஆல்காட் 1894ல் அடையாறில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் கூடின. அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகள் விளையாட்டும் பாட்டும் கைவேலையுமாக நடத்துகிற கிண்டர்கார்டன் முறையை இந்தச் சேரிப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். இதை ஆல்காட்டின் கருணை என்று மட்டும் வாசித்துவிட்டுப் போகக் கூடாது. பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த சனம் இங்கே இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் இயங்கிய காலம் அது.

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அதே அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தத்தால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அவருடைய முறை பிறந்தது எங்கே? 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்கிற ஏழைக் குடியிருப்பில். அப்பா அம்மா வேலைக்குப் போனபின் படிக்கட்டில் சுவரைக் கிறுக்கித் திரிந்த பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைத்ததுதான் முதல் மாண்டிசோரி பள்ளி. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் ஆசிரியப் பயிற்சி முடித்தவர் இல்லை.

இன்றைக்கு மயிலாப்பூரிலும் அடையாறிலும் 'மாண்டிசோரி' என்று போர்டு தொங்குகிற கட்டிடத்துக்குள் நம்ம பிள்ளை போக முடியுமா? ஃபீஸைக் கேட்டாலே தலை சுற்றும். நம்ம பெண்கள் போகலாம், கக்கூஸ் கழுவுகிற ஆயாவாக. ஏழைப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட அறிவு, ஏழைப் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிற சரக்காகிவிட்டது. இதற்குச் சான்றிதழ்தான் வாயிற்காவல்.

சரி, அரசாங்கம் நடத்துகிற இடம் எப்படி? தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும், பள்ளிக்கு வராத ஆதிவாசிப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். அங்கன்வாடியின் வேர் அங்கே இருக்கிறது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் அதில் வேலை செய்கிற பெண்ணை மத்திய அரசு ஊழியர் என்று சொல்லாது. அவர் 'சேவை' செய்கிறவராம். தருவது சம்பளம் இல்லையாம், மதிப்பூதியமாம். 2018 அக்டோபரில் மத்திய அரசு உயர்த்தி நிர்ணயித்த தொகையே பணியாளருக்கு மாதம் 4500 ரூபாய், உதவியாளருக்கு 2250 ரூபாய். தமிழ்நாட்டில் போராடிப் பெற்ற சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது. அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. பணிக்கொடை வாங்கும் உரிமை உண்டு என்பதற்கே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

2019ல் தமிழ்நாட்டில் 2381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியபோது எதிர்ப்பு கிளம்பி நீதிமன்றம் வரை போனது. நாங்கள் படித்த பயிற்சி வேறு வகுப்புக்கு என்பது நியாயமான வாதம். ஆனால் அதோடு சேர்ந்து கேட்ட இன்னொரு பேச்சு, 'இது பதவி இறக்கம்' என்பது. சின்னப் பிள்ளையோடு உட்காருவது எப்படித் தோழர்களே இறக்கமாகும்? மூக்கு வழிகிற பிள்ளை, ஒண்ணுக்குப் போய்விட்ட பிள்ளை, ஆயாவின் பக்கத்தில் உட்கார வேண்டிய இடம். உடம்பின் அழுக்கைத் தொடுகிற எந்த வேலையையும் கீழே தள்ளுகிற மூளை வருணாசிரமத்தில் தயாரானது. அது பி.எட். முடித்தவருக்குள்ளும் இருக்கும்.

2018ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தது நினைவிருக்கும். நகரத்தில் நம்ம பெண் ஊட்டிவிட்டால்தான் பிள்ளை சாப்பிடும். கிராமத்தில் நம்ம பெண் சமைத்தால் தீட்டு. கூலிக்காரியாக வந்தால் சகித்துக்கொள்வார்கள். அரசாங்கம் நியமித்த பதவியோடு வந்தால் சகிக்க மாட்டார்கள். பிரச்சினை கையில் இல்லை, பதவியில் இருக்கிறது.

இங்கேதான் நம் தோழர்கள் சிலரோடு எனக்குச் சண்டை. "நம்ம பெண்கள் ஏன் இந்தப் படிப்புக்குப் போகணும்? திரும்பவும் ஆயா வேலைக்கா? டாக்டர், வக்கீல், கலெக்டர்னு போகட்டும்" என்கிறார்கள். கோபம் புரிகிறது. சாதித் தொழிலை உதறு என்பது அம்பேத்கர் நமக்குக் கொடுத்த பாடம். எங்க அம்மாவும் என்னை அந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்றுதான் அடம்பிடித்தாங்க. ஆனால் அதே அம்பேத்கர்தான் 1928ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது சுரங்கங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்கச் சட்டம் கொண்டுவந்தார். உழைக்கிற பெண்ணின் பிள்ளையைப் பார்ப்பது அவள் தலையெழுத்து இல்லை, முதலாளிக்கும் அரசுக்கும் அதில் கடமை இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

இழிவு பிள்ளை வளர்ப்பதில் இல்லை. வேறு வழியில்லாமல், கணக்கில்லாத கூலிக்கு, தனி டம்ளரோடு வளர்ப்பதில் இருக்கிறது. இந்த வேலையை நாம் உதறிவிட்டுப் போனால் யார் வளர்ப்பார்கள்? பெரும்பாக்கம் அடுக்குமாடியில் அம்மா வேலைக்குப் போனபின் கீழே திரிகிற நம்ம பிள்ளைகளை யார் பார்ப்பது? 2017ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்கிற நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அந்தச் சட்டம் எட்டாது. அடுத்த வீட்டுப் பிள்ளையை வளர்க்கப் போகிறவளின் பிள்ளைக்குத்தான் ஆளில்லை.

2020 தேசிய கல்விக் கொள்கை அங்கன்வாடிப் பணியாளருக்குப் பயிற்சி பற்றிப் பேசுகிறது. பிளஸ் டூ படித்தவருக்கு 6 மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே படித்தவருக்கு 1 வருடப் பட்டயம். வேலை பார்த்துக்கொண்டே டி.வி.யிலும் செல்போனிலும் படிக்க வேண்டுமாம். இருபது வருஷம் பிள்ளைகளோடு கிடந்தவளுக்கு அந்த இருபது வருஷம் எத்தனை மார்க் என்று கொள்கை சொல்லவில்லை. படித்து முடித்தால் எவ்வளவு சம்பளம் என்று ஒரு தொகையும் சொல்லவில்லை.

சமூகப்பணி மாணவர்களுக்கும் ஒன்று. களப்பணி என்று நம்ம குடியிருப்புகளுக்கு வருகிறீர்கள், நோட்டில் எழுதுகிறீர்கள். உங்கள் பட்டத்தில் எங்கள் சனங்களின் நேரமும் வார்த்தையும் இருக்கிறது. அதற்கு அங்கீகாரம் எங்கே? வாரத்தில் ஒரு நாள் எங்க அம்மா போன்றவர்களை உங்கள் வகுப்புக்குக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, பாடம் நடத்தச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆகவே நாம் சான்றிதழைத் தூக்கி எறியத் தேவையில்லை, அதன் விதிகளை மாற்றக் கேட்க வேண்டும். பிள்ளை வளர்த்த அனுபவத்தைப் படிப்பாகக் கணக்கிடு. தமிழிலேயே பாடமும் பரீட்சையும் நடத்து. அரசுக் கல்லூரிகளில் கட்டணமில்லாமல் மாலை வகுப்பு வை. அங்கன்வாடிப் பணியாளரை ஆசிரியராக நியமி, ஆசிரியர் சம்பளம் கொடு. உதவியாளர் பணியாளராக உயரக் காலக்கெடுவோடு வழி வை. மறுகுடியமர்த்திய இடங்களில் அம்மா காலையில் கிளம்புகிற நேரத்துக்குத் திறந்து அவள் திரும்புகிற வரை நடக்கிற காப்பகம் அமை.

கல்லூரியில் இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அம்மா, பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு ஆயா என்று ஒவ்வொருவரிடமும் உட்காருங்கள். வாந்தி எடுத்த பிள்ளைக்கு என்ன கொடுத்தாங்க, பேசாத பிள்ளையை எப்படிப் பேச வைத்தாங்க, எத்தனை வருஷம், எவ்வளவு கூலி என்று அவங்க பேச்சிலேயே எழுதி எடுங்கள். அம்மா 'அவ்ளோதான்' என்று நிறுத்துவாங்க. நீங்கள் நிறுத்தாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.