கடைசல்காரன் கைக்கு விலங்கா?

காஞ்சிக்கு அருகே கூரம் என்றோர் ஊர். அங்கே கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மப் பல்லவன் வெளியிட்டது, ஒரு பெரும்போரைப் பேசுகிறது. இலட்சக்கணக்கான படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தையொன்றைப் போர்த்திக்கொண்டு ஓடினானாம்! அந்தச் சாளுக்கியனின் கத்வால் செப்பேடோ பல்லவனைத் தான் வென்றதாகப் பறைசாற்றுகிறது. வென்றவர் யார் என்பதில் வேந்தர்களுக்குள் வழக்கு. அந்தப் போரில் பாய்ந்த வேலை வடித்த கொல்லனின் பெயரைப் பொறிக்காமல் விட்டதில் மட்டும் இருவரும் ஒற்றுமை!

தோழரே, அந்தக் கூரத்துக்குச் செல்லும் சாலையோரம், ஓலைக் கொட்டகை ஒன்றில், சென்ற திங்கள் அரைமணி நேரம் நின்றேன். பழைய லேத் ஒன்று. பம்புசெட்டுத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தார் நடுவயதுக்காரர் ஒருவர். அளவுகோல் வைத்துப் பார்த்தார், தலையசைத்தார், மயிரிழையில் பாதி அளவுக்கு மேலும் சீவினார். கல்லூரியைப் பாதியில் விட்டு இறங்கியவன் நான். அவரோ பள்ளியையே பாதியில் விட்டவர். அந்தக் கையின் படிப்புக்கு எந்தப் பல்கலைக் கழகம் பட்டம் தரும்?

"துப்பாக்கிக் குழலில் தோட்டா அமரும் அறையைக் குடைய முடியுமா?" என்று கேட்டேன். சிரித்தார். "கை செய்யும் ஐயா. செஞ்சா உள்ளே போயிடுவேனே!"

நான் நாடகக்காரன். என் மேடைத் துப்பாக்கி மரத்தால் ஆனது. வெடிச்சத்தம் திரைக்குப் பின்னால் ஒரு பையன் கொளுத்தும் பட்டாசு. உண்மைத் துப்பாக்கியில் அந்த விளையாட்டு நடவாது. தோட்டா அறை குழலின் நடுவச்சோடு பிசகாமல் பொருந்தவேண்டும். ஆழம் சற்றே மிகுந்தால் தோட்டாக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுகிறவன் முகத்திலேயே பாயக்கூடும். சற்றே குறைந்தாலோ பூட்டு மூடாது. அமெரிக்காவில் இதை வீட்டுக் கொட்டகையில், சிறிய லேத்தில், பந்தயத் துப்பாக்கிக்காகச் செய்து மகிழ்வோர் பலர். சொந்த உபயோகத்துக்கென்றால் அங்கே நடுவண் அரசின் உரிமம்கூடத் தேவையில்லை.

அதை இங்கே கொண்டுவா என்கிறேனா? இல்லை! அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பாய்ந்த குண்டுகளை நான் மறந்தவனல்லன். வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டாம். என் வழக்கு வேறு.

இங்கிலாந்தைப் பாருங்கள். பர்மிங்காம் நகரில் சின்னஞ்சிறு பட்டறைகளில் துப்பாக்கி பிறந்தது. ஒருவன் குழல் கடைவான், இன்னொருவன் பூட்டுப் பொருத்துவான். அவனைக் கண்டு வெள்ளையன் அஞ்சினானா? 1813ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் சட்டம் இயற்றி, குழல்களை வெடித்துச் சோதித்து முத்திரையிடும் சோதனைச்சாலைக்கு வழிசெய்தான். அதற்குப் பன்னிரண்டே ஆண்டுகளுக்கு முன், 1801 டிசம்பர் 1ஆம் நாள், இந்தச் சென்னை மாகாணத்தின் கவர்னர் எட்வர்டு கிளைவ் என்ன செய்தான்? கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்ட பிறகு, பாளையக்காரர் சீமையில் படைக்கலமே கூடாதென்று பிரகடனம் போட்டான். தன் நாட்டுத் தொழிலாளிக்கு முத்திரை, நம்மவனுக்கு முட்டுக்கட்டை! 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம்.

வெள்ளையன் போனான், 1959இல் புதிய சட்டம் வந்தது. அதன் ஐந்தாம் பிரிவின்படி, துப்பாக்கி செய்ய மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின், மீறியவனுக்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை, ஆயுள்வரைகூட நீளலாம். அதே 2019இல், சனவரித் திங்களில், திருச்சியில் மேடை போட்டு, மாலை போட்டு, பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடத்தைத் தொடங்கிவைத்தார்கள்! சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து முனைகள். முதலாளிக்குப் பெருவழி! கொட்டகைக்காரனுக்கு?

உரிமம் கேட்கலாமே என்பார்கள் கோட்டையில் இருப்போர். கேட்கலாம். காகிதத்தில் கதவு இருக்கிறது. பத்தடிக் கொட்டகைக்காரன் கைக்கு அதன் தாழ்ப்பாள் எட்டுமா? சோதனைக்கூடமும் காவலும் அவன் தன் பணத்தில் அமைப்பானா?

2024 பாரிசில் ஐம்பது மீட்டர் துப்பாக்கிப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றபோது நாடே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் நம் வீரர்கள் ஏந்தும் உயர்தரப் பந்தயத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து வருபவை. குறி நம்முடையது, குழல் இன்னொருவனுடையது.

திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு பொதுச் சோதனைச்சாலை எழட்டும். கைத்திறன் தேர்வில் வென்ற கடைசல்காரன், பெயரும் புகைப்படமும் பதிந்து, எண்ணிட்ட குழலை அங்கே பெற்று, காவலர் கண்காணிப்பிலேயே தோட்டா அறை குடையட்டும். குழல் வாயில் தாண்டவேண்டாம். சோதனையில் வென்றால் முத்திரை. தோற்றால் உருக்கு உலை. முத்திரைக்குப் பக்கத்தில், குடைந்தவன் பெயரையும் பொறியுங்கள்.