எத்தனை படி அச்சிட்டீர்கள்? – புத்தகப் பதிவு குறித்து எங்கள் நிலைப்பாடு

ஒரு புத்தகம் சமூகத்தை உலுக்கியது என்று மேடையில் சொல்லிவிடலாம். எத்தனை பேர் கைக்குப் போனது, என்ன விலைக்குப் போனது என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. அதற்கு விடை சொல்லும் சான்றுகள் இன்று பதிவாகாமலே போகின்றன.

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டத்தை ஆங்கிலேய அரசு நம் ஆய்வுக்காகக் கொண்டுவரவில்லை; அச்சகங்கள் மீது ஒரு கண் வைத்திருக்கத்தான். ஆனாலும் அதன்படி வெளிவந்த காலாண்டுப் பட்டியல்களில் ஆசிரியர், அச்சகம், பக்கம், விலையோடு படிகளின் எண்ணிக்கையும் இருந்தது. புலவர் பதிப்புக்கும், கொலைச் செய்தியைப் பாட்டாக்கிய கொலைச் சிந்துக்கும் அங்கே ஒரே வரிசை. சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களைக் கற்றறிந்தோர் ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. அந்த மலிவுத் தாள்களில் பலவும் மறைந்துவிட்டன. பட்டியல்கள் இல்லையென்றால் அவை இருந்ததே தெரியாமல் போயிருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றவர்கள் நாடக நோட்டீசைக்கூட விடாமல் சேர்த்தது நம் நல்லூழ்.

அந்த 1867 சட்டத்துக்குப் பதிலாக 2023இல் வந்த புதிய சட்டம் பருவ இதழ்களோடு நின்றுகொண்டது. புத்தகம் அதன் வரம்பில் இல்லை. எஞ்சியிருப்பது 1954ஆம் ஆண்டின் சட்டம். கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு ஒரு படி அனுப்பச் சொல்லும் சட்டம் அது. அதையும் எல்லோரும் மதிப்பதில்லை.

ஆகவே, ஒவ்வொரு அச்சுக்கும் எத்தனை படி என்பதைப் பதிப்பாளர்கள் நூல் விவரப் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்கிறோம். தேவைக்கேற்ப 50 படி அடிப்பதில் தவறில்லை. ஐம்பது ஐம்பதாக அடித்துவிட்டு அட்டையில் ‘எட்டாம் பதிப்பு’ என்று போட்டுக்கொள்வதுதான் நாளைய ஆய்வாளரை ஏமாற்றும். நூலகங்களுக்கும் ஒரு சொல்: இதழ்களை பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெறியாதீர்கள். யாரை நம்பி அந்த இதழ் நடந்தது என்பது அங்கேதான் இருக்கிறது.

படி எண்ணிக்கை வாசகர் எண்ணிக்கை ஆகாது என்பதை அறிவோம். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட நாடு இது. பழைய பட்டியல்களில் அச்சகத்தார் சொன்னதெல்லாம் மெய் என்றும் கொள்ள முடியாது. ஆனால் சரிபார்க்கவும் மறுக்கவும் ஓர் எண்ணாவது கையில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கையை வெளியிட்டால் உரிமைத்தொகைக் கணக்கில் சிக்கல் வரும் என்று சில பதிப்பாளர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கமே எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டியது. வணிகக் காரணம் உண்மையிலேயே இருந்தால், எண்ணிக்கையை உறையிலிட்டு நூலகப் படியுடன் அனுப்பட்டும். 20 ஆண்டுகள் கழித்துத் திறக்கலாம். அத்தகைய உறைகளை ஏற்றுப் பாதுகாக்கும் ஏற்பாட்டைக் கன்னிமாரா நூலகம் தொடங்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.