கொடிவழியில் யாரை வெட்டினீர்கள்?

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை பேரேட்டில் எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். வரலாறு எழுத வேண்டும் என்ற ஆசையில் எழுதவில்லை. ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், கணக்குத் தீர்க்க வேண்டும், அதற்காக எழுதினான். அந்தப் பேரேடுகள் இன்று அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணினியில் ஏறியிருக்கின்றன. நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பாட்டனின் ஊரைத் தேடி வருகிறார்கள்.

அப்படித் தேடி வருபவர்களில் சிலருக்கு, ஆங்கிலத்தில் சிதைந்து கிடக்கும் ஊர்ப் பெயரைப் படித்து இது வட ஆற்காட்டில் இந்தத் தாலுகா, இந்தக் கிராமமாக இருக்கலாம் என்று சொல்லும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எனவே குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பட்டியல்கள் என் கைக்கும் வரும். அண்மையில் வந்த ஒன்றில் எண் இருந்தது, ஊர் இருந்தது, தழும்பு கூட இருந்தது. சாதி என்ற கட்டத்தை மட்டும் காணவில்லை. தொகுத்தவரிடம் கேட்டேன். "அது பலருக்கு மனவருத்தம் தரும். தவிர, சாதி வேண்டாம் என்று எழுதுகிறவர் நீங்கள்தானே, நீங்களே கேட்கலாமா?" என்றார்.

யாருக்கு மனவருத்தம்? அதே தொகுப்பின் முன்னுரையில் தம் குடும்பம் இன்ன ஊரின் மதிப்புமிக்க வேளாளர் குடும்பம் என்று அவர் பெருமையாக எழுதியிருக்கிறார். அங்கே சாதி யாரையும் வருத்தவில்லை. பட்டியலில் 'பறையர்' என்று வரும் இடத்தில்தான் வருத்தம் வருகிறது. உயர்ந்தவன் என்று சொல்லிக்கொள்பவனின் சாதிக்குப் பெயர் 'பாரம்பரியம்'. எங்கள் பாட்டனின் சாதிக்குப் பெயர் 'மனவருத்தம்'. இரண்டும் ஒரே கையால், ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை.

அந்தக் கட்டம் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்துக் குமாஸ்தா கேட்டதையும் ஊகித்ததையும் கலந்து எழுதியது அது. தொடக்ககாலப் பட்டியல்களில் 'மலபார்', 'ஜெண்டூ' என்றெல்லாம் சாதி எழுதியிருக்கிறான். தமிழ் பேசுகிறவன் மலபார், தெலுங்கு பேசுகிறவன் ஜெண்டூ, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. பிழைகள் உள்ள சான்று என்றால் பிழையோடு வெளியிட்டுக் குறிப்பு எழுத வேண்டும். வயது தப்பாக இருக்கிறது என்று வயதுக் கட்டத்தை யாராவது அழிக்கிறார்களா?

அழிப்பதால் போவது என்ன என்று பாருங்கள். டர்பனில் பிள்ளை, நாயுடு, கவுண்டர், முதலி என்ற குடும்பப் பெயர்கள் ஏராளம். அவற்றில் ஒரு பகுதியின் அடியில் பேரேட்டைத் தோண்டினால் வேறு சாதி இருக்கிறது. கப்பல் இறங்கிய பிறகு, கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகு, எங்கள் பாட்டன் தன் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' என்று போட்டுக்கொண்டான். இங்கே ஊருக்குள் செருப்புப் போட்டு நடந்தாலே அடித்தவர்கள், இதைச் செய்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் இதைப் 'பொய்ப் பட்டம்' என்று காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. பிறப்பால் வருவதாகச் சொல்லப்பட்ட பட்டத்தை, ஒரு கடலைத் தாண்டியதும் எவன் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், வானம் இடிந்து விழாது என்று செய்து காட்டியிருக்கிறான் அவன். உயர்சாதிப் பெயரைத் தேடி எடுக்க வேண்டியிருந்ததே என்ற குறை எனக்கும் உண்டு. ஆனாலும் பேரேட்டில் 'பறையர்', கல்லறையில் 'பிள்ளை' என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அவன் கடந்த தூரம் தெரியும். முதல் சொல்லை அழித்தால் அவன் சும்மா ஒரு பிள்ளை வீட்டுப் பையன் ஆகிவிடுகிறான்.

உயிரோடு இருப்பவர்களின் சாதியை ஊருக்குச் சொல்லு என்று நான் கேட்கவில்லை. அது அவரவர் உரிமை. 1860-இல் எழுதிய பேரேட்டை 1860-இல் இருந்தபடி காட்டு என்கிறேன்.

இதுவாவது கடல் தாண்டிய கதை. இங்கே உள்ளூரில் நடக்கும் கொடிவழித் தொழிலைப் பார்ப்போம். ஒவ்வொரு ஆதிக்கச் சாதிக்கும் இப்போது வம்சாவளிப் புத்தகம் உண்டு, செப்பேட்டுப் படம் உண்டு, ஆண்ட பரம்பரைக் கதை உண்டு. இன்ன கூட்டம், இன்ன குலதெய்வம், இன்ன காணி என்று மரம் வரைந்து அச்சடித்துத் திருவிழாவில் விற்கிறார்கள். சில மரங்களை உட்கார்ந்து பொறுமையாகப் படித்தேன். மேலே போகப் போகப் பெண்களே இல்லை. 'இவருக்குப் புதல்வர் மூவர்' என்று இருக்கிறது. அந்த மூவரையும் காற்றா பெற்றது? கீழே வர வர, அண்மைத் தலைமுறைகளில் பெண்களின் பெயர் வருகிறது, மருமகனின் ஊரும் கூட்டமும் சேர்ந்து வருகின்றன. ஏன் திடீர் தாராளம்? பெண் எடுக்கவும் கொடுக்கவும் அந்தத் தகவல் தேவை. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916-லேயே அம்பேத்கர் தன் கொலம்பியா கட்டுரையில் காட்டிவிட்டார். கொடிவழிப் புத்தகம் அந்த அகமணத்தின் கணக்குப் புத்தகம்.

கணக்கில் ஒத்து வராத பெண் என்ன ஆகிறாள்? மரத்தில் இருந்து போய்விடுகிறாள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அக்கா, தம்பி, தங்கை மூவர். அக்கா வேறு சாதியில் மணம் செய்துகொண்டவர். அச்சான மரத்தில் தம்பியும் தங்கையும் இருக்கிறார்கள், தங்கைக்கு 'மூத்த மகள்' என்று போட்டிருக்கிறது. இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்லும் ஆவணத்தைத்தான் 'ஆய்வு' என்கிறார்கள். தாளில் பெயரை வெட்டுகிற கைக்கும், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிய கைக்கும் உள்ள உறவை நான் விளக்கத் தேவையில்லை.

இதில் வேடிக்கை, இவர்கள் இரத்தத் தூய்மைக்கு இப்போது டிஎன்ஏ பரிசோதனையைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டின் மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அதன் பிறகுதான் கலப்பு நின்றது என்கிறது. உன் தூய்மை பிறப்பில் வந்ததல்ல, கதவை அடைத்ததால் வந்தது.

எங்களுக்குக் கொடிவழி இல்லை என்று பலர் இரக்கப்படுகிறார்கள். தவறு. எங்களுக்கும் எழுதி வைத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மனிதர்களைக் கோயிலுக்கும் மடத்துக்கும் விற்ற செய்தி இருக்கிறது. அவர்கள் மட்டுமல்ல, அவர்கள் வழியில் வருபவர்களும் அடிமை என்று எழுதிக்கொண்டார்கள். வழியடிமை! பின்னால் ஓலையில் எழுதிய அடிமைச் சீட்டுகளிலும் அதே ஏற்பாடுதான்: இன்னாரையும் அவள் பிள்ளையையும் இன்ன விலைக்கு விற்றேன், வம்ச பரம்பரையாக அனுபவித்துக்கொள்க. ஆ. சிவசுப்பிரமணியன் 'தமிழகத்தில் அடிமை முறை' நூலில் இவற்றைத் தொகுத்துப் பேசியிருக்கிறார். ஆதிக்கச் சாதியின் மரத்தில் தாயின் பெயர் இல்லை. எங்கள் தாயின் பெயரோ பிள்ளையின் பெயரோடு சேர்ந்து ஓலையில் இருக்கிறது, மாட்டுக்குச் சுழி பார்த்து எழுதுவதைப் போல. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டம் ஆளை வாங்கி விற்பதைக் குற்றமாக்கியது. 'ட்ரூரோ' கப்பல் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஓலையில் இருந்த பெயர்கள் பேரேட்டுக்கு மாறின.

வெள்ளைக்காரனின் பேரன் இந்தச் சிரமமே இல்லாமல் குடும்ப வரலாறு எழுதுகிறான். சென்னை மாகாணத்தில் ஐரோப்பியருக்கு நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் படி எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இன்று வீட்டில் உட்கார்ந்தபடி கணினியில் பார்க்கலாம். அவற்றில் பிள்ளையின் தாய் இந்த மண்ணின் பெண் என்றால், பல இடங்களில் பெயர் இல்லை, 'சுதேசிப் பெண்' என்று ஒரு சொல் மட்டும். சாதி இந்துவும் துரையும் எங்கள் பெண்களை எழுதிய விதத்தில் அத்தனை ஒற்றுமை.

எழுத்தில் இல்லாததை எங்கள் ஆட்கள் நினைவில் வைத்திருந்தார்கள். பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் சுவடியை எல்லீஸ் துரையிடம் சேர்த்த செய்தியை அயோத்திதாசர் எழுதி வைத்தார். அதுவும் குடும்ப வரலாறுதான். குறள் அச்சேறிய கதையைப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் கந்தப்பனைச் சொல்கிறார்கள்? அவர் எழுதாமல் விட்டிருந்தால் ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் எங்கள் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். குடும்ப வரலாறு நமக்கு வேண்டாத வேலை என்று ஒதுக்காதீர்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892-இல் வந்த அரசாணைப்படி ஒதுக்கிய நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அந்தப் பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு வெளியே விற்கக்கூடாது. இன்று யார் கையில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். காரணை நிலத்துக்காகப் போராடி 1994-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இந்த வழக்குகளில் வட்டாட்சியர் கேட்கும் முதல் கேள்வி, பழைய பதிவேட்டில் உள்ள இந்தச் சின்னான் உங்களுக்கு என்ன உறவு என்பதுதான். பாட்டனின் தகப்பன் பெயர் தெரியாமல் நிலத்தை இழந்த வீடுகள் உண்டு. கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெண் வழியையும் எழுதுங்கள். ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவர்களை, கணவன் அல்லது மனைவியின் சாதியோடு, முதல் வரியில் எழுதுங்கள்.

செப்பேட்டுப் படங்களைப் பகிர்ந்து மகிழும் ஆர்வலர்களுக்கும் ஒரு கோரிக்கை. அடிமை ஓலைகளில் இன்னும் வெளிவராதவை உங்கள் வீட்டுப் பரண்களில், நிலப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டிக் கிடக்கின்றன. கட்டை அவிழ்த்துப் படம் எடுங்கள். ஊர்ப் பெயர், ஆண்டு, விலை, விற்றவர் பெயர், விற்கப்பட்டவர்களின் பெயர் எதையும் மறைக்காமல், உங்கள் செப்பேட்டைப் பகிர்ந்த அதே இடத்தில் பகிருங்கள். படிக்கத் தெரியவில்லை என்றால் ஒரு படியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கொடுங்கள், படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே வருவார்கள். சாதிக் கட்டத்தை அழித்த அந்தப் பட்டியலின் முழுப் படியையும் அனுப்பச் சொல்லி அந்தத் தொகுப்பாளருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.